மூன்றாம் தூண்

குமிழியாற்று ரெகுலேட்டரின் மூன்றாம் தூணில் விரிசல் விட்டிருப்பதை முதலில் பார்த்தவர் முபாரக். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ரெகுலேட்டர் என்பது ஆற்றின் குறுக்கே ஷட்டர் போட்டுத் தண்ணீரைத் தேக்கும் கட்டடம்; அதன் தலைமேலேயே ஒரு வண்டி போகிற அளவுக்குப் பாலம் உண்டு. காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதன்மேல்தான் போய்வருவார். கோடை தொடங்கிய சமயம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் விரற்கடை அளவு வெளியே பிதுங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியை நிறுத்திவிட்டு, வறண்டு கிடந்த ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தார். இரும்பு ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளத்திலிருந்து தூணின் பின்புறம் நோக்கிச் சாய்வாக ஒரு கோடு ஓடியிருந்தது. அன்றே பாசனப் பிரிவின் உதவிப் பொறியாளர் இளம்பரிதியிடம் போய்ச் சொன்னார்.

இளம்பரிதிக்கு முப்பது வயது இருக்கும். தஞ்சாவூருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவர். அங்கே தனக்குப் பாடம் எடுத்த ரோஹிணியை அவர் நேரில் போய்ப் பார்த்து அழைத்துவந்தார். பாறையில் விரிசல் எப்படித் தொடங்கும், எந்தப் பக்கம் ஓடும், எப்போது நிற்காமல் ஓடும் என்று கணிப்பதுதான் ரோஹிணியின் வேலை. கல்லூரிக்கு வருமுன் பல ஆண்டுகள் மலைச் சுரங்கப் பாதைகளுக்காக அதைச் செய்திருந்தாள். டெல்டாவில் தன் படிப்புக்கு வேலை வரும் என்று அவள் நினைத்ததில்லை. அந்த வட்டாரத்தில் பாறையே கிடையாது. தோண்டினால் களிமண், அதற்குக் கீழே ஆற்றுமணல்.

ரெகுலேட்டருக்கு ஒன்பது கண்கள், அதாவது ஷட்டர் போட்ட ஒன்பது நீர்வழிகள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. வெளியே கருங்கல் முகப்பு. உள்ளே செங்கல்லும் சுண்ணாம்பும். எங்கிருந்தோ வண்டி வண்டியாகக் கல் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது தண்ணீரைத் தாங்கி நின்றது. ஆனால் கடைசி இருபது முப்பது வருடங்களில் கீழே ஆற்றில் மணல் போய்ப் படுகை இறங்கிவிட்டது. தூண்களின் காலடியில் இருந்த பிடிமானம் குறைந்திருந்தது. ரோஹிணி மூன்றாம் தூணின் அடியில் குந்தி உட்கார்ந்து கைவிளக்கால் விரிசலை நெடுநேரம் பார்த்தாள். வெளியே தெரிவது தலைமயிர் பருமன்தான். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடுத்த வாரங்களில் அவள் அந்தத் தூணைக் கணினிக்குள் கட்டினாள். தூணை லட்சக்கணக்கான சிறு கட்டிகளாகப் பிரித்து, கல்லுக்கு ஒரு வலு, சுண்ணாம்புக்கு ஒரு வலு, இரண்டும் ஒட்டும் இடத்துக்கு ஒரு வலு என்று கொடுத்து, பின்னால் தண்ணீரை அடி அடியாக ஏற்றிப் பார்ப்பது. எந்தக் கட்டி முதலில் விட்டுக்கொடுக்கிறது, அது விட்டபின் பாரம் யார்மேல் போகிறது, அவர் தாங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். கல்லைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. தூணில் துளைபோட்டு எடுத்த மாதிரியில் சுண்ணாம்பு சில இடங்களில் கெட்டியாகவும் சில இடங்களில் திருநீறு போலவும் வந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. எந்த இடத்தில் எது இருக்கிறது என்று தூணைப் பிரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் வலுவை மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டினாள். ஐந்தடி நீர் நின்றபோது ஒரு முறைகூடத் தூண் நகரவில்லை. ஆறடியில் சில முறை நகர்ந்தது. முழு மட்டமான எட்டடியில், நூறு முறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூண் சாய்ந்து விழுந்தது.

அந்த முடிவை அவள் இளம்பரிதியிடம் கொடுத்தபோது மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஐந்தடிக்கு மேல் தேக்கக் கூடாது, பாலத்தில் வண்டி போகக் கூடாது என்று துறை உத்தரவு போட்டது. உத்தரவை விளக்க இலுப்பைவெளியில் ஒரு கூட்டம். இலுப்பைவெளி வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊர். அதன் வாய்க்காலின் தலைப்பு, அதாவது ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறும் வாய், உயரத்தில் இருந்தது. ஆற்றில் ஏழடியாவது நின்றால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஏறி ஊர்வரை போகும். ஐந்தடி என்றால் குறுவை இல்லை என்று அர்த்தம். நாற்றங்கால் எல்லாம் முளைத்து நின்ற நேரம்.

ஊர்ச் சமுதாயக்கூடத்தில் விசிறிகள் சுழன்றன, காற்றுதான் இல்லை. மணல் மூட்டை போட்டு முட்டுக் கொடுக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் ஓடும்போது அடியில் மூட்டை நிற்காது, கோடையில்தான் செய்ய முடியும் என்று இளம்பரிதி சொன்னார். ஆயில் என்ஜின் வைத்து இறைத்துத் தருவதாகவும் சொன்னார். எத்தனை என்ஜின் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் கூட்டம் சிரித்தது. வைரக்கண்ணு என்கிற பெரிய குடித்தனக்காரர் எழுந்து, மேடத்துக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். ரோஹிணி குத்தாலம் பக்கம் என்றாள். நிலம் உண்டா என்று கேட்டார். தாத்தா காலத்தில் இருந்தது, அப்பா பஞ்சாபகேசன் வாத்தியார் வேலைக்குப் போனபின் விற்றுவிட்டார் என்றாள்.

"அதான்," என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அம்சவல்லி. நாற்பதுக்கு மேல் வயது. புருஷன் கண்ணுசாமியோடு சேர்ந்து சொந்த நிலத்தில் கொஞ்சமும் வாரத்துக்கு எடுத்த நிலத்தில் கொஞ்சமும் பயிர் வைக்கிறவள். பாசன சங்கத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. இவள் பேசுவாள், ஊரும் கேட்கும்.

"விழுந்துடும்னு உறுதியா சொல்றீங்களா மேடம்?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க. விழாமலும் நிக்கலாம். ஆனா இந்த மாதிரிக் கட்டடம் சாயறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்காது. மேல புள்ளைங்க வேன் போயிட்டிருந்துச்சு."

"வேன் சுத்திப் போகட்டும். தண்ணிய மட்டும் ஏழடிக்குத் தேக்குங்க."

தண்ணீர்தான் அதைத் தள்ளுகிறது, வேன் இல்லை என்று ரோஹிணி சொன்னாள். உடைந்தால் மேலே தேங்கியது மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். கீழே கரையோரம் வீடுகள் இருக்கின்றன என்றாள். அம்சவல்லி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்தபோது யாரும் காபிக்கு நிற்கவில்லை.

ஆயில் என்ஜின்கள் வந்தன. வாய்க்காலின் முதல் பாதியை நனைத்தன. இலுப்பைவெளி நாற்றங்கால்கள் நுனி கருகத் தொடங்கின.

ஜூலையில் ஒரு நாள் முற்பகல் ரோஹிணி தூணைப் பார்க்கத் தனியாக வந்தாள். விரிசலின் குறுக்கே அவள் மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் சிமெண்டால் ஒட்டியிருந்தாள். விரிசல் துளி அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். வாராவாரம் அதைப் பார்ப்பது வழக்கம். கரைமேல் ஏறியபோது பாலத்தின் இந்தப்பக்கம் ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஷட்டர்களின் கைப்பிடிகளைப் பூட்டியிருந்த சங்கிலிகளை அறுத்து எறிந்திருந்தார்கள். ஒன்பது ஷட்டரும் இறங்கியாயிற்று. லஸ்கர், அதாவது ஷட்டருக்குக் காவல் இருக்கும் ஊழியர், தடுக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்து யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். அளவுகோல் கல்லில் தண்ணீர் ஏழடியைத் தொட்டிருந்தது. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறி ஓடும் சத்தம் கேட்டது.

வைரக்கண்ணு, கண்ணுசாமி, அம்சவல்லி எல்லாரும் இருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. வைரக்கண்ணு மட்டும், "நிக்குது பாருங்க மேடம்," என்றார்.

ரோஹிணி இளம்பரிதிக்குப் போன் செய்தாள். அவர் தஞ்சாவூரில் ஒரு ஆய்வுக் கூட்டத்தில் இருந்தார்; போலீசோடு கிளம்பி வருகிறேன் என்றார். வந்து சேர வெகுநேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்புறப் படிகளில் இறங்கினாள். ஷட்டர்கள் மூடியிருந்ததால் அந்தப் பக்கம் கல்தளத்தில் கணுக்கால் தண்ணீர்தான். போகாதீர்கள் என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் முதல் தூண், இரண்டாம் தூண் தாண்டி மூன்றாம் தூணுக்கு முன்னால் போய் நின்றாள். பயமாகத்தான் இருந்தது. கணினியில் இந்தத் தூண் விழுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் விழும் என்று தெரியும். அந்தப் பக்கத்தில்தான் இப்போது நின்றிருந்தாள்.

மேல் கண்ணாடி முழுசாக இருந்தது. நடுவில் இருந்தது குறுக்கே உடைந்திருந்தது. அதற்கும் கீழே கல்லிடுக்கில் இருந்து தண்ணீர் கசிந்து, கருங்கல்மேல் பால் சிந்தியதுபோல் வெள்ளையாக வழிந்தது. உள்ளே சுண்ணாம்பு கரைந்துகொண்டிருந்தது.

பின்னால் தண்ணீரை அளைந்துகொண்டு யாரோ வருவது கேட்டுத் திரும்பினாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்சவல்லி வந்து பக்கத்தில் நின்றாள். ரோஹிணி உடைந்த கண்ணாடியைக் காட்டினாள். அம்சவல்லி விரலால் அந்த வெள்ளை நீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது விழுந்துடுமா?"

"அசைஞ்சிருக்கு. அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா? அதைச் சொல்லுங்க. ஒரு சாயங்காலம் பாஞ்சாப் போதும் எங்களுக்கு."

"சொல்லத் தெரியலைங்க. தாங்கலாம். நாம பேசிக்கிட்டு இருக்கறப்பவே போகவும் போகலாம்."

அம்சவல்லியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஊரில் இருந்து அவள் நாத்தனார். ரோஹிணிக்கும் குரல் கேட்டது. தண்ணி வந்துடுச்சு அண்ணி, பிள்ளையார் மதகு தாண்டிடுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம நாத்தங்காலுக்கு ஏறிடும் என்று அந்தப் பெண் மூச்சு வாங்கச் சொன்னாள். பின்னணியில் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம். அம்சவல்லி, "சரி," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நேர் மேலே, பாலத்தில், கண்ணுசாமி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட இரண்டு ஆட்கள். சுவர் பிதுங்கியிருந்த அதே இடம்.

அம்சவல்லி தூணையும் பார்க்கவில்லை, ரோஹிணியையும் பார்க்கவில்லை. தலைப்பில் தண்ணீர் ஏறும் சத்தம் இங்கேயும் கேட்டது. ரோஹிணி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஏங்க," என்று அம்சவல்லி மேலே பார்த்துக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. "அங்கேருந்து நகந்து அக்கரைக்குப் போயிடுங்க. இந்தப் பக்கம் வராதீங்க. ஷட்டரைத் தூக்கணும்."

கண்ணுசாமிக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். அவள் மறுபடியும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட இருந்தவர்களைத் தொட்டு அழைத்துக்கொண்டு அக்கரைப் பக்கம் நடந்தார்.

பெண்கள் இருவரும் மேலேறி வந்தார்கள். எந்த ஷட்டரை முதலில் தூக்க வேண்டும் என்று அம்சவல்லி கேட்டாள். இதற்கு ரோஹிணியிடம் பதில் இருந்தது. மூன்றாம் தூணின் இருபக்கக் கண்களை இப்போது தொடக் கூடாது. தண்ணீர் இவ்வளவு நிற்கும்போது திறந்தால் பாய்ச்சல் அதன் காலடியையே அரிக்கும். அக்கரையில் இருக்கிறவர்கள் ஒன்பதில் தொடங்கி உள்ளே வரட்டும், இக்கரையில் முதல் கண்ணை மட்டும் தூக்கட்டும். மட்டம் ஐந்தடிக்கு இறங்கும்வரை மூன்றாம் தூணுக்கு மேலே ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

வைரக்கண்ணு குறுக்கே வந்து நின்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டுகிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று கேட்டார். நாளைக்குப் போலீஸ் வந்தபின் இந்தச் சங்கிலியைத் தொட முடியுமா என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்று பலருக்கும் தோன்றியது. அம்சவல்லி அவரிடம் வாதாடவில்லை. நேரே முதல் ஷட்டரிடம் போய்க் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். அது ஒரு ஆள் சுற்றுகிற கனம் இல்லை. சிறிது நேரம் அவள் தனியாகவே முக்கினாள். பிறகு ரோஹிணி போய் எதிர்ப்பக்கம் பிடித்தாள். அதற்குப்பின் இரண்டு இளவட்டங்கள் வந்து அவர்களை விலகச் சொல்லிவிட்டுத் தாங்கள் சுற்றினார்கள். அக்கரையில் ஒன்பதாம் ஷட்டர் கிரீச்சிட்டுக்கொண்டு ஏறியது.

ஆறு இறங்க நேரம் எடுத்தது. எல்லாரும் கரையில் நின்று அளவுகோல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் தலைப்பில் சத்தம் மெலிந்து, பிறகு நின்றது. அம்சவல்லியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

தூண் விழவில்லை. இளம்பரிதியும் போலீசும் வந்தபோது ஐந்தடிக்குக் கீழே தண்ணீர் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. யார் சங்கிலியை அறுத்தது என்று கேட்டார்கள். யார் ஷட்டரைத் தூக்கியது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் ரோஹிணி. இளம்பரிதி மேலதிகாரிகளிடம் பேசி வழக்கு இல்லாமல் செய்தார்.

அந்த வருடம் இலுப்பைவெளியில் குறுவை இல்லை. காய்ந்த நாற்றங்கால்களில் மாட்டை அவிழ்த்து மேயவிட்டார்கள். கண்ணுசாமி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு, சம்பா நடவுக்குத்தான் திரும்பினார். ரோஹிணி எதிர்பார்த்தது தன்மேல் கோபம் வரும் என்று. ஊர்க் கோபம் அவள்மேல் வரவில்லை. அவள் வெளியூர்க்காரி, படித்தவள், தன் வேலையைச் செய்தாள். கோபமெல்லாம் அம்சவல்லிமேல் திரும்பியது. நாற்றங்கால் வரப்புவரை வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்பியவள் என்று பேசினார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. ஒரு காதுகுத்துக்கு ஊரையெல்லாம் அழைத்த வைரக்கண்ணு அவள் வீட்டை விட்டுவிட்டார். அவர் கண்ணுசாமிக்குச் சித்தப்பா முறைப் பங்காளி. சங்கக் கூட்டத்துக்கு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். இதெல்லாம் ரோஹிணிக்கு முபாரக் மூலமாகத்தான் தெரியவந்தது.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. சம்பா எப்படியோ விளைந்துவிட்டது. அறுவடை முடிந்து ஆறு வறண்டதும் ரெகுலேட்டரைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் புதிது கட்டுவதாக முடிவாகியிருந்தது. மூன்றாம் தூணைப் பிரிக்கும் நாளில் தான் இருக்க வேண்டும் என்று ரோஹிணி கேட்டிருந்தாள். கல் கல்லாக எடுத்து எண் போட்டுக் கரையில் அடுக்கினார்கள்.

அவள் கணித்த விரிசல் அவள் நினைத்த தூரம் போகவில்லை. தூணின் நடுவே குறுக்காக வைத்திருந்த ஒரு நீளக் கல்லில் முட்டி அங்கேயே நின்றுபோயிருந்தது. அந்தக் கல் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அடியில், வண்டல் மூடியிருந்த மட்டத்தில், இன்னொரு விரிசல் இருந்தது. அது முன்பக்கத்தில் இருந்து பின்பக்கம்வரை முழுக்க ஓடியிருந்தது. விரிந்த இடத்தில் கல்லும் கல்லும் தேய்ந்து பொடி கிடந்தது. தூண் தன் கனத்தால் மட்டுமே அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு மேடம்," என்றார் இளம்பரிதி. அவர் முகத்தில் பெரிய நிம்மதி. ஐந்தடி உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ரோஹிணி அளவு நாடாவை எடுத்தாள். தான் பார்த்துப் பயந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்திப் போனது. அதைச் சரி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அவள் அந்த விரிசலை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு போய், உண்மையான தூணைக் கணினியில் மறுபடி கட்டினாள். நீளக் கல்லை வைத்தாள். அடி விரிசலை வைத்தாள். அன்று நின்ற ஏழடித் தண்ணீரை ஏற்றினாள். சாயங்காலம்வரை நிறுத்தினாள். பல நாள் ஓடியது அந்தக் கணக்கு. யாரும் அதை அவளிடம் கேட்கவில்லை.

கணக்கு முடிந்தபின் இலுப்பைவெளிக்குப் போனாள். அம்சவல்லி வயலில் இருந்தாள். சம்பா தாளுக்கிடையே தெளித்த உளுந்து காய்த்து முற்றியிருந்தது. செடியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். ரோஹிணியைக் கண்டதும் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரப்பில் உட்காரச் சொன்னாள். ரோஹிணி தூணுக்குள் இருந்ததை எல்லாம் சொன்னாள். அடியில் முழுக்க விட்டிருந்தது என்று கேட்டபோது அம்சவல்லி கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு விழுந்திருக்கும்."

"திரும்ப நூறு தடவை ஓட்டிப் பாத்தேன். பாதிக்கு மேல விழுது. மிச்சம் நிக்குது. சாயங்காலம் வரைக்கும் நின்னிருக்கவும் வாய்ப்பு இருந்துச்சு அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அம்சவல்லி வெகுநேரம் உளுந்துக் காயைப் பிரித்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருல யாராச்சும் கேட்டா, விழுந்திருக்கும்னே சொல்லிடுங்களேன்," என்றாள். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அந்த ஒரு வார்த்தைதான் மேடம். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

இந்தப் பெண் தன்னால் பட்ட கஷ்டம் ரோஹிணிக்குத் தெரியும். ஆனாலும் முடியாது என்றாள். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன் என்றாள். இந்த ஆற்றிலேயே இன்னும் பழைய ரெகுலேட்டர்கள் இருக்கின்றன. நாளைக்கு இன்னொரு ஊரில் போய்த் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிவரும். அப்போது தன் வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்று தட்டுத் தடுமாறி விளக்கினாள். அம்சவல்லி குறுக்கிடாமல் கேட்டாள்.

"சரி. அப்ப நீங்களே வந்து சொல்லிடுங்க. எங்கிட்ட சொன்னீங்கல்ல, அப்படியே. கூட்டாம, குறைக்காம."

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருந்தது; இளம்பரிதியும் வந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அம்சவல்லி உள்ளே வந்து, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். கண்ணுசாமி பக்கத்தில் இருந்தார். ரோஹிணி எழுந்து, தான் கணித்தது எது, கணிக்கத் தவறியது எது, உள்ளே என்ன இருந்தது என்று வரிசையாகச் சொன்னாள். கைபேசியில் எடுத்த படங்கள் கை மாறின. கடைசியில் பாதிக்கு மேல் விழுகிறது, மிச்சம் நிற்கிறது என்றாள்.

வைரக்கண்ணு படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நின்னிருக்கவும் செய்யும்," என்றார்.

"ஆமாங்க. நின்னிருக்கவும் செய்யும்."

எல்லாரும் அம்சவல்லியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கும் அன்னிக்கு அதுதான் தெரியும். நிக்கலாம், நிக்காமலும் போகலாம்னு மேடம் சொன்னாங்க. மேல எங்க வீட்டுக்காரரு நின்னாரு. உங்க வீட்டு ஆளுங்களும்தான் நின்னாங்க. கீழ கரையோரம் அத்தனை குடிசை. நெல்லு போச்சு, எனக்கும்தான் போச்சு. ஆனா நாளைக்கு அதே மாதிரி தண்ணி நின்னாலும் நான் தூக்கத்தான் தூக்குவேன்."

அவள் உட்கார்ந்தாள். வைரக்கண்ணு மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற மனிதர் இல்லை அவர். படத்தை அடுத்தவரிடம் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இளம்பரிதியைப் பார்த்து வேறு ஒன்று கேட்டார். புது ரெகுலேட்டருக்கு வரைபடம் போட்டாயிற்றா? இலுப்பைவெளி வாய்க்கால் தலைப்பு பழைய உயரத்திலேயேதான் வருகிறதா?

இன்னும் முடிவாகவில்லை என்றார் இளம்பரிதி. தலைப்பை இறக்க வேண்டுமானால் வாய்க்கால் நெடுக மட்டம் எடுத்து, தண்ணீர் ஓடும் என்று காட்ட வேண்டும். அதற்கு ஆளில்லை என்றார். ரோஹிணி தன் கல்லூரியில் மட்டம் பார்க்கும் கருவி இருக்கிறது, தானே எடுத்துத் தருகிறேன் என்றாள்.

"வாய்க்கா எங்கெங்க மேடு தட்டியிருக்குன்னு அம்சவல்லிக்குத்தான் தெரியும்," என்றார் வைரக்கண்ணு, யாரையும் பார்க்காமல். மாதக்கணக்கில் அவள் பெயரை அவர் சொல்லி ஊர் கேட்டதில்லை.

மறுவாரம் அவர்கள் மட்டம் எடுத்தார்கள். வெயில் ஏறுமுன் தொடங்கினார்கள். ரோஹிணி முக்காலிமேல் கருவியை வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்சவல்லி வாய்க்காலுக்குள் முன்னால் நடந்து, நிற்க வேண்டிய இடத்தைக் காலால் கீறிக் காட்டினாள். அளவுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வைரக்கண்ணு போனார். இங்கேயா என்று அவர் கேட்டார். இன்னும் ரெண்டடி தள்ளிங்க மாமா என்றாள் அவள். அவர் தள்ளி நட்டுப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.